புரட்டாசிக் களைவெட்டும் மலைத்தோட்டத்து மண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் கீழ்மலையில் புரட்டாசி என்றால் களைவெட்டுக் காலம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, மணலூர், கே.சி.பட்டி, பாச்சலூர் வட்டாரத்து ஆரஞ்சு, அவகோடா, எலுமிச்சை, மலைவாழைத் தோட்டங்களில் உரம் வைக்கும் முன் மம்பட்டியால் தரையைச் செதுக்கிவிடுகிறார்கள். வைக்கிற உரம் புல்லுக்குப் போய்விடும் என்ற கவலை ஒரு காரணம். சருகுகூட இல்லாமல் பளிச்சென்று கிடந்தால்தான் பராமரிக்கிற தோட்டம் என்று ஊர் மதிப்பது இன்னொரு காரணம். ஆள் கிடைக்காத இடத்தில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். எப்படிச் செய்தாலும், ஐப்பசியில் அடைமழை பிடிக்கும்போது சரிவு முழுக்க வெறும் மண்ணாகக் கிடக்கிறது. ஆண்டின் பெருமழை இறங்கும் மூன்று மாதங்களுக்குச் சற்று முன்பு மண்ணின் போர்வையை நாமே உருவிப் போட்டுவிடுகிறோம். இந்த வழக்கத்தை மாற்றுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இடம் தருமாறு வேண்டுகிறேன்.

பெரிய மழைத்துளி ஒன்று தரையைத் தொடும்போது நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. வெறும் மண்ணில் அந்த அடி பட்டதும் மண்கட்டி உடைந்து பொடியாகத் தெறிக்கிறது. பொடி போய் மண் துளைகளை அடைத்து மேலே ஓர் ஓடு கட்டிவிடும். அதன்பின் பெய்கிற மழை உள்ளே இறங்காமல் சரிவில் ஓடுகிறது. முதலில் அடித்துச் செல்லப்படுவது மண்ணிலேயே எடை குறைந்த பகுதியான மட்கும் (சருகும் வேரும் மட்கி உண்டானது), மட்கோடு ஒட்டிய நுண்ணிய களித்துகளும்தான். அதனால் ஓடையில் போகும் கலங்கல் நீரில் உள்ள மண்ணில், தோட்டத்தில் தங்கிய மண்ணைவிடக் கரிமம் (கார்பன்) கூடுதலாகவே இருக்கும்.

மேலே நிழல் மரம் இருக்கிறதே, அது மழையைத் தாங்காதா என்று கேட்பார்கள். சில்வர் ஓக் போல உயரமான மரத்தின் இலைகளில் மழைநீர் சேர்ந்து, மழைத்துளியைவிடப் பெரிய துளியாகச் சொட்டுகிறது. எட்டு, பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது அதற்குக் கிட்டத்தட்ட முழு வேகமும் வந்துவிடும். துளியின் அடியை வாங்க வேண்டியது தரையோடு ஒட்டிய புல்லும் சருகும்தான். தரையில் மூன்றில் ஒரு பங்கு மூடியிருந்தாலே மண் அரிப்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடும் என்பது மண் பாதுகாப்பில் நன்கு அறியப்பட்ட விஷயம்.

இழப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் அது ஏறத்தாழ நாலரை டன். அவ்வளவு மெல்லிய படலம் போனது கண்ணுக்கே தெரியாது. மண்ணில் 3 சதவீதம் கரிமம் இருந்தால் அதோடு 130 கிலோ கரிமம் போகிறது. மட்கில் 11, 12 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்று வைத்தால், போன தழைச்சத்து 11 கிலோவுக்கு மேல். 45 கிலோ யூரியா மூட்டையில் பாதிக்கும் மேற்பட்டதற்கு அது சமம். புல் தின்றுவிடும் என்று பயந்த உரத்தைவிட அதிகமாக ஓடை கொண்டுபோகிறது. புல் எடுத்த சத்து, புல்லை வெட்டிப் போட்டால் அதே தோட்டத்தில் மட்கித் திரும்ப வரும். ஓடை எடுத்தது வராது.

மம்பட்டி இன்னொரு கெடுதியையும் செய்கிறது. சரிவில் களை வெட்டுபவர் மேட்டைப் பார்த்து நின்று, மம்பட்டியைத் தன் பக்கம் இழுக்கிறார். ஒவ்வோர் இழுப்பிலும் மண் ஒரு சாண் கீழே வருகிறது. மழை வேண்டியதே இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் இப்படி இழுத்த தோட்டத்தில் அடையாளம் தெளிவாகத் தெரியும். மேல் வரிசை மரங்களுக்கு மேட்டுப்பக்க வேர் வெளியே தெரியும். அங்கே கருமண் போய்ச் செம்மண் தலைகாட்டும். கீழே கல்லுக்கட்டை ஒட்டி மட்டும் கருமண் குவிந்து கிடக்கும். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களின் உறிஞ்சு வேர்கள் மேல் ஓரடி மண்ணிலேயே பரவியிருப்பவை. செதுக்கும்போது அவை அறுபடுகின்றன. அறுபட்ட வாய் வழியே வேரழுகல் பூசணம் நுழைகிறது. அவகோடாவின் நிலை இன்னும் மோசம். அதன் உறிஞ்சு வேர் சருகுக்குள்ளேயே ஏறி வந்து உணவு தேடும் இயல்புடையது. சருகைக் கூட்டி அள்ளினால் வேரையும் சேர்த்தே அள்ளுகிறோம்.

அரித்துப் போகாத கரிமமும் பத்திரமாக இருப்பதில்லை. மண்கட்டிக்குள் அடைபட்டிருக்கும் மட்கை நுண்ணுயிர்கள் எளிதில் எட்ட முடியாது. கொத்திக் கிளறியதும் கட்டி உடைந்து, காற்று புகுந்து, மட்கு வேகமாகச் சிதைந்து கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. வெயிலில் கிடக்கும் வெற்று மண்ணுக்கும் சருகு மூடிய மண்ணுக்கும் நடுப்பகலில் 10 டிகிரிக்கு மேல் வெப்ப வேறுபாடு வருவது சாதாரணம். ஈரம் இருக்கும் மண்ணில் 10 டிகிரி கூடினால் சிதைவு வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

களைக்கொல்லி அடித்தால் மண்ணைக் கிளறுவதில்லையே என்பது உண்மைதான். ஆனால் மண்ணுக்குக் கரிமம் வரும் வாசலை அது அடைத்துவிடுகிறது. மண்ணில் நீண்ட நாள் தங்கும் கரிமத்தில் பெரும்பங்கு, மேலே விழும் இலையைவிட உள்ளே சாகும் வேரிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அடித்துப் புல்லின் வேரே இல்லாமல் செய்த தோட்டத்தில் வரவு நின்று செலவு மட்டும் நடக்கிறது. தரை இறுகிப் பாசி பிடித்திருந்தால் அந்த நிலை வந்துவிட்டது என்று பொருள். சட்டமும் இருக்கிறது: கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு நம் நாட்டில் பதிவு தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும் மட்டுமே. 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் மூலமாகத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. பழத்தோட்டத்தில் விவசாயியே கைத்தெளிப்பானில் அடிப்பது இந்த இரண்டுக்கும் புறம்பானது என்பதைக் கடையில் விற்பவர் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நடந்தும் ஏன் யாரும் பதறவில்லை? மண்வள அட்டையில் கரிமம் 'அதிகம்' என்றே வருகிறது! 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு இனங்களை அளக்கிறது. அங்ககக் கரிமமும் அதில் ஒன்று. 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்பது வழக்கமான தர அளவு. சமவெளியின் சூடான மண்ணுக்கு அது பொருந்தும். குளிர்ச்சியான மலை மண்ணில், அதிலும் காட்டை ஒட்டிய, கிளறாத மண்ணில் 3 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பது இயல்பு. அது 1.5 ஆக இறங்கினால் மேல் 15 சென்டிமீட்டரில் மட்டும் ஏக்கருக்கு ஏறத்தாழ 10 டன் கரிமம் போயிருக்கும். அட்டையோ அன்றும் 'அதிகம்', இன்றும் 'அதிகம்' என்றே சொல்லும். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுத்தார்கள். மலையில் 10 ஹெக்டேர் என்றால் அதற்குள் மேடும் பள்ளமும், செதுக்கிய தோட்டமும் செதுக்காத தோட்டமும் எல்லாம் வந்துவிடும்.

இனி, செய்ய வேண்டியது. தோட்டத்தை முழுக்கக் காடாக விடச் சொல்லவில்லை. மரத்தடி வட்டத்துக்கு ஒரு முறை, இரு வரிசைக்கு நடுவே உள்ள தரைக்கு வேறு முறை.

மரத்தடியில் செடியின் வயதுக்கேற்ப முக்கால் மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் ஆரத்துக்குப் புல்லைப் பன்னரிவாளால் தரையை ஒட்டி அறுத்தால் போதும். வேரைப் பிடுங்க வேண்டாம், கொத்த வேண்டாம். வளர்ந்த மரத்துக்கு உரத்தை இலை விரிப்பின் ஓரத்தை ஒட்டி, பெரும்பகுதி மேட்டுப் பக்கம் பிறையாக வைத்து, அதன்மேல் 8 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகும் அறுத்த புல்லும் பரப்ப வேண்டும். ஒரு மீட்டர் ஆர வட்டத்துக்குக் காய்ந்த சருகு 15 முதல் 20 கிலோ பிடிக்கும். மூடாக்கு அடிமரத்தைத் தொடக் கூடாது. ஓரடி தள்ளியே இருக்கட்டும். ஒட்டிக் குவித்தால் ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் பட்டை ஈரத்திலேயே இருந்து பிசின் வடியும் நோய் வரும். அடுத்த முறை உரம் வைக்கையில் மூடாக்கை ஒதுக்கி, வைத்து, மறுபடி மூடிவிடலாம். மரத்தூள், காபித் தொலி போன்றவற்றைப் பச்சையாகப் போட்டால் அவை மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இலை வெளிறும். அவற்றைத் தொழுவுரத்தோடு கலந்து மட்கவைத்துப் போட வேண்டும். கிளைரிசிடியா, முள்முருங்கைத் தழை என்றால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். இரண்டையும் கலந்து போடுவது நல்லது.

வரிசை நடுவில் தானாக முளைக்கிற குட்டைப் புல்லும் அகல இலைச் செடிகளும்தான் செலவில்லாத போர்வை. எல்லாவற்றையும் களை என்று பார்க்க வேண்டாம். உண்ணிச்செடி, பார்த்தீனியம், மரத்தில் ஏறும் கொடி ஆகியவற்றை மட்டும் பூக்கும் முன் கையால் பிடுங்குங்கள். மற்றவை முக்கால் அடி, ஓரடி வளர்ந்ததும், விதை பிடிப்பதற்குள், புல் வெட்டும் கை இயந்திரமான பிரஷ் கட்டரால் வெட்டலாம். வெட்டும் உயரம்தான் இங்கே முக்கியம்: தரையிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் கட்டை நிற்க வேண்டும். தரையை உரசி வெட்டினால் அதுவும் செதுக்குவதுதான். புல்லும் செத்து, அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொள்ளும். செங்குத்தான சரிவில் முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில் வெட்டாமல், சரிவுக்குக் குறுக்கே ஒரு பட்டை விட்டு ஒரு பட்டை வெட்டி, மூன்று வாரம் கழித்து மீதியை வெட்டலாம். மேலே கரைந்து வரும் மண்ணை வெட்டாத பட்டை வடிகட்டிப் பிடித்துவிடும்.

மம்பட்டியில் ஏக்கருக்கு எட்டு, பத்து ஆள் பிடிக்கும் வேலையை பிரஷ் கட்டரில் ஒருவர் ஓரிரு நாளில் முடிக்கலாம். ஆனால் அதில் சுழலும் நைலான் நூல் இளமரத்தின் பட்டையைச் சுற்றி அறுத்துவிட்டால் அந்த மரம் பிழைப்பது அரிது. அடிமரத்திலிருந்து இரண்டடிக்குள் இயந்திரம் போகக் கூடாது; இளங்கன்றுக்குப் பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து கவசமாக மாட்டிவிடலாம். இயக்குபவர் சரிவுக்குக் குறுக்காகவே நடக்க வேண்டும், கண்ணாடியும் பூட்ஸும் வேண்டும், 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது.

ஏற்கெனவே தரை வெறுமையாகிப்போன தோட்டத்தில் விதைத்துத்தான் ஆக வேண்டும். ஆவணி மழையில் தட்டைப்பயறோ கொள்ளோ ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ போட்டால் ஐப்பசிக்குள் தரையை மூடிவிடும். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் முளைத்த கையோடு அடைமழை வந்து விதையையும் மண்ணையும் சேர்த்தே கொண்டுபோகும். உழவோ கொத்தோ வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே ஓரடி, ஒன்றரை அடி இடைவெளியில் குச்சியால் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கோடு கீறி விதைத்து மூடினால் போதும். விதையை, வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர் உரமான ரைசோபியம் 200 கிராம் பொட்டலத்தோடு ஆறிய அரிசிக் கஞ்சியில் புரட்டி நிழலில் உலர்த்திக்கொள்ள வேண்டும். மண்ணின் அமிலத்தன்மை கூடி கார அமில நிலை (pH) 5-க்குக் கீழே போயிருந்தால் வேர்முடிச்சு பிடிக்காது. முன்கூட்டியே சுண்ணாம்போ டோலமைட்டோ இட வேண்டும். பல ஆண்டு நிற்கும் மூடுபயிர் வேண்டுமென்றால் முயல் மசால் என்னும் தீவனப்பயிர் நல்லது. ஏக்கருக்கு இரண்டரை கிலோ, கோடை மழையோடு விதைக்கலாம். விதைத்தோல் கடினமானது. கொதித்த நீரை இறக்கி நான்கு நிமிடம் ஆறவிட்டு, விதையை அதில் போட்டு, இரவு முழுதும் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும். அடர்ந்த நிழலில் அது வராது; அங்கே விழுகிற சருகே மூடாக்கு, அதை அள்ளாமல் இருந்தால் போதும். பூனைக்காலிக் கொடியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் இளமரத்தில் ஏறி மூடிவிடும். வாரம் ஒருமுறை கொடியை இறக்கிவிட ஆள் இல்லாத தோட்டத்துக்கு அது ஆகாது.

பச்சைப் புல்லையும் செடியையும் போர்வையாக விடும் உயிர்மூடாக்கு வைத்துக் கைசுட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைத்தான் செய்திருப்பார்கள்: தை முடிந்த பிறகும் புல்லைப் பச்சையாக விட்டுவைத்தது. மாசி முதல் சித்திரை மழை வரை மண்ணில் இருக்கும் கொஞ்ச ஈரத்துக்கு மரமும் புல்லும் போட்டி போடும். பூவும் பிஞ்சும் அப்போதுதான் உதிரும். எனவே தை மாதக் கடைசியில் ஒருமுறை தாழ வெட்டி, வெட்டியதை மரத்தடியில் போட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் உயிருள்ள போர்வை, கோடையில் காய்ந்த போர்வை. காய்ந்த புல்லுக்குத் தீ பயமும் உண்டு. மலையில் காட்டுத்தீ பரவும் மாதங்களும் அவைதான். சாலையோரமும் காட்டெல்லையிலும் 3 மீட்டர் அகலத்துக்கு மட்டும் சருகை உள்ளே தள்ளித் தீத்தடுப்புப் பட்டை விடுங்கள். அந்த இடத்தில் மட்டும் வெறும் தரை நியாயம்.

மூடாக்கில் மண்புழு பெருகினால் காட்டுப்பன்றி வந்து கிளறும். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. ஒரே இடத்தில் கனமாகக் குவிக்காமல் பரவலாகப் போட்டால் சேதம் குறைகிறது. பாம்புக்குப் பயந்து தோட்டத்தில் இறங்க மாட்டோம் என்று வேலையாட்கள் சொல்வதும் நியாயமான அச்சமே. வரிசைக்கு ஒரு மீட்டர் அகல நடைபாதையைக் குட்டையாக வெட்டி வைத்தால் அறுவடைக்கும் அதுவே வழியாகும்.

சரிவுக்குக் குறுக்கே 3 மீட்டர் நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் மாற்றி மாற்றிக் குழி வெட்டி நீரையும் மண்ணையும் பிடிக்கலாம். ஆனால் மண் சரிந்த வரலாறு உள்ள இடத்திலும், ஊற்று கசியும் இடத்திலும் வெட்டக் கூடாது. உள்ளே இறங்கிய நீர் மலையின் சரிவையே பெயர்த்துவிடும். அங்கே வெட்டிவேர் வரிசையும் தரைப்போர்வையும் மட்டுமே பாதுகாப்பு.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஓரடி நீளக் கம்பிகள் பத்து வாங்கி, 10 சென்டிமீட்டர் வெளியே தெரியுமாறு தோட்டத்தின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளில் அடித்து, புரட்டாசியிலும் தையிலும் வெளியே தெரியும் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். சராசரியாகக் கூடிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏக்கருக்கு நாலரை டன். செதுக்கிய தோட்டத்திலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் கோலிக்குண்டு அளவு உலர்ந்த மண்கட்டி ஒவ்வொன்றை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பாருங்கள். மட்கு குறைந்த கட்டி ஓரிரு நிமிடத்தில் கரைந்து சேறாகும். மட்குள்ள கட்டி பத்து நிமிடம் கழித்தும் உருவோடு நிற்கும். கரிம அளவு தெரிய வேண்டுமானால், சரிவின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் 15, 20 இடத்து மண்ணைக் கலந்து, அதே மாதம், அதே ஆய்வகம் என்று வைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஓராண்டில் வரும் மாற்றம் ஆய்வகப் பிழைக்குள் மறைந்துவிடும். கூடவே 5 சென்டிமீட்டர் உள்விட்டமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரும்புக் குழாயை மண்ணில் அடித்தெடுத்து, அந்த மண்ணை உலர்த்தி நிறுத்தால் மண்ணின் அடர்த்தி கிடைக்கும். 196 கிராம் இருந்தால் அடர்த்தி 1. அடர்த்தி தெரியாமல் சதவீதத்தை மட்டும் வைத்து எத்தனை டன் போனது, வந்தது என்று சொல்ல முடியாது.

துறைகளிடம் கேட்பதற்குச் சில உண்டு. மலை வட்டாரங்களின் மண்வள அட்டையில் சமவெளித் தர அளவைக் கைவிட்டு, அருகிலுள்ள கிளறாத காட்டு மண்ணோடு ஒப்பிட்டு எத்தனை பங்கு மிச்சம் என்று அச்சிடுங்கள். தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உதகையில் இந்திய மண், நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் 1954 முதல் இயங்குகிறது. இரண்டும் சேர்ந்து செதுக்கிய நிலம், புல்லை மட்டும் வெட்டிவிட்ட நிலம் என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஓடிவரும் நீரையும் மண்ணையும் தொட்டியில் பிடித்து விவசாயிகளுக்குக் காட்டலாம். வேளாண் இயந்திர வாடகை மையங்களில் மலைக்கு டிராக்டரால் பயனில்லை. அந்தப் பணத்துக்குப் பிரஷ் கட்டரும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் வேண்டும். மூடுபயிர் விதை ஐப்பசியில் வந்து பயனில்லை. ஆடி முடிவதற்குள் தோட்டக்கலைத் துறையின் வட்டார அலுவலகங்களில் விதையும் ரைசோபியமும் இருப்பு இருக்க வேண்டும். வாங்கி ஒரு வாரத்துக்குள் விதைத்தால்தான் அடைமழைக்கு முன் தரை மூடும்.

இப்படிக்கு,
மலைத்தோட்ட மண்வளத்தில் அக்கறையுள்ள வாசகர்,
கொடைக்கானல் கீழ்மலை, திண்டுக்கல் மாவட்டம்.